மணி ஏறாத வளைவு

ரொம்ப முந்தி, வைகைக்கு வடகரையில் மில்லுச் சங்கு ஊதித்தான் விடியும் என்றிருந்த காலத்தில், ஆலைமேட்டில் லேயாள் என்று ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்லை. திர்சாள் என்று ஒரே மகள்.

ஆலைமேட்டுக் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலுக்கு அப்போது மணி கிடையாது. மணி தொங்க வளைவு மட்டும் கட்டி வைத்திருந்தார்கள். விற்று மணி வாங்க வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் லேயாள் பையோடு போய் வாங்கி வந்து, கோயில் பக்கத்தறையில் மூட்டை கட்டி வைப்பாள். சாவி அவள் முந்தானையில்.

அந்த வருசம் மில்லுக்காரர்கள் கதவைப் பூட்டினார்கள். சங்கு நின்றது. அடுப்பும் நின்றது. புளியங்கொட்டையை அவித்துத் தின்றார்களாம் சனங்கள்.

ஒரு சனிக்கிழமை லேயாள் பையை விரித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றாள். அந்த வீட்டுக்காரி பானைக்குள் கைவிட்டாள், மூடின கையோடு வந்தாள், பைக்கு மேல் விரித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. வெறுங்கை. அவள் லேயாள் முகத்தைப் பார்க்கவில்லை. லேயாளும் கேட்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதே மூடின கை, அதே வெறுங்கை.

லேயாள் நேராகப் போய்ப் பக்கத்தறையைத் திறந்தாள். அறுப்புப் பண்டிகை அண்டாவைக் கோயில் வாசலில் அடுப்பேற்றினாள். பசித்த பிள்ளைகள் வரிசை கட்டினார்கள்.

திர்சாள் ஓடி வந்தாள். அவள் கல்யாண ஓலை கோயிலில் ரெண்டு வாரம் வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை மறுநாள். மூன்று ஞாயிறும் ஆட்சேபம் வராவிட்டால்தான் கல்யாணம்.

"யம்மா, சபையைக் கேக்காம இதுல கை வைக்காத. நாளைக்கு ஒரு ஓலைதான் பாக்கி. அதுவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"வரிசையில நிக்கிற பிள்ளைககிட்ட நீயே போய்ச் சொல்லு, நாளைக்கு வரைக்கும் பொறுங்கன்னு."

திர்சாள் வரிசையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். கஞ்சி கொதித்தது. வேதக்காரர், அம்மன் கோயில் தெருக்காரர், பள்ளிவாசல் சந்துக்காரர், எல்லாரும் குடித்தார்களாம். சாயங்காலத்துக்குள் மூட்டை அத்தனையும் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் மூன்றாம் ஓலை வாசித்தார். "ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்றார்.

ஜவுளிக்கடை வைத்திருந்த சபை மூப்பர் அருமைநாயகம் எழுந்தார். "இருக்குங்கய்யா. காணிக்கையைக் கேக்காமக் கொள்ளாம அள்ளிச் சமைச்சவ வீட்டுக் கல்யாணம். சபை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாட்சி நிக்கும்?"

மாப்பிள்ளை வீட்டார் திருமங்கலத்து மனுசர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வரிசையாக எழுந்து வெளியே போனார்கள். லேயாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

வாசலில் சத்தம் கேட்டது. திர்சாள் பெரிய கரண்டியால் வெறும் அண்டாவை அடித்துக்கொண்டிருந்தாளாம். டங், டங் என்று தெரு முழுக்க.

"வாங்க, எல்லாரும் வாங்க. எங்கம்மா வச்ச கல்யாண விருந்து, வந்து தின்னுட்டுப் போங்க."

அவள் அடித்தது ஆத்திரத்தில். ஆனால் தெரு வந்துவிட்டது. தட்டோடும் சட்டியோடும் வந்துவிட்டது. கரண்டி அவள் கையிலேயே நின்றது.

ஒரு கிழவர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "என்னத்தா, ஒண்ணுமில்லையே. கூப்பிட்டீகளேன்னு வந்தோம்."

கோயில் வாசலுக்கு வந்த சபை அப்படியே நின்றது. மூப்பரும் நின்றார். கூப்பிட்டாகிவிட்டது. வந்தும் ஆகிவிட்டது. இனி என்ன சொல்ல?

முதலில் நகர்ந்தது மூப்பர் பெஞ்சாதியாம். புருசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், அன்றைக்கு வடித்த சோற்றுப் பானையைத் தூக்கி வந்து அண்டாவில் கவிழ்த்தாள். பிறகு வீட்டில் ஏதாவது இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க் கொண்டுவந்தார்கள். மூப்பர் மணிப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் திரும்பவே இல்லை. லேயாள் ஒரு நாள் மகளிடம் சொன்னாளாம்: "சோறு போட்டதுக்கு நான் வருத்தப்படல. உன் வாழ்க்கையில இருந்து அள்ளிப் போட்டுட்டேன், உன்னக் கேக்கவும் இல்ல."

திர்சாள் எழுந்தாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். சாகும்வரை அந்தக் கரண்டியை அவள்தான் பிடித்தாள் என்பார்கள்.

இன்றைக்கும் ஆலைமேட்டுக் கோயிலில் வளைவு காலியாகத்தான் இருக்கிறது. சபையைக் கூப்பிடுவது அதன் கீழே உள்ள அண்டாதான். வெறும் அண்டாவைத் தட்டக்கூடாது. வீட்டுக்கொரு பிடி அரிசி விழுந்த பிறகே கரண்டி எடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் தெருவுக்கே கஞ்சி.

மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்டா ஒலிக்காது. அரிசி விழும், கஞ்சியும் உண்டு. கரண்டியை யாரும் தொடுவதில்லை. சனங்கள் தானாகவே வந்து உட்கார்வார்கள். "ஆட்சேபம் உள்ளவர்கள்" என்று ஐயர் கேட்கும்போது, அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.