எண்பத்தெட்டு மணி நேரம்

– இருநூத்திப் பன்னெண்டுதான் மச்சான். இதுல முந்நூறுன்னு போட்டிருக்கு.

– ஒன் யூனிவர்சிட்டி முந்நூறுதானே கேக்குது ஹஃப்சா? அதான் முந்நூறு. ஆஸ்பத்திரி மேனேஜர் விக்ரம் சார் சீல் வச்சே குடுத்துட்டாரு. பெரிய சிஸ்டர் கையெழுத்தும் இருக்கு பாரு. போன் கடைய சாத்திட்டு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஓடியாறேன், கொஞ்சம் சிரிச்சா என்ன?

– பெரிய சிஸ்டர் பக்கத்துல நின்னு பிரசவ வார்டுல நான் வேலை பாத்தது இருநூத்திப் பன்னெண்டு மணி நேரம். தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். மீதி எண்பத்தெட்ட எப்பப் பாத்தேன்?

– பாத்த மாதிரிதான். எட்டு வருசமா அங்கதானே கெடக்குற?

– இந்த வருசம் பாதி நாளு காய்ச்சல் வார்டுலயில்ல கெடந்தேன். ஆளு பத்தலன்னு என்னை அங்கிட்டு இழுத்து விட்டது யாரு? இதே விக்ரம் சாருதான்.

– சரி, இழுத்து விட்டவரே சரிக்கட்டுறாரு. சொல்றதைக் கேளு புள்ள. மணி அஞ்சாகப் போகுது. ஆறு மணிக்குள்ள ஏத்தணும்னு நீதானே சொன்ன? லேப்டாப்பைத் தொற.

– தொறந்துதான் இருக்கு. இருநூத்திப் பன்னெண்டுன்னு போடப் போறேன்.

– போட்டா?

– எம்.எஸ்சி. ஆறு மாசம் தள்ளிப் போகும்.

– அயர்லாந்துக்காரன் தள்ளிப் போடுவானா? ஜனவரியில வேலைக்கு வந்து சேருன்னு லெட்டர் குடுத்திருக்கான். டிகிரி கையில இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்புட்டுக்குவான்.

– கூப்புட்டுக்குவான். தெரியும்.

– தெரிஞ்சுமா? ரெண்டு வருசம் புள்ள! சிக்னல் கெடைக்கலன்னு மொட்டை மாடியில கொடையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்து நீ கிளாஸ் கேட்டதை நான் பாத்திருக்கேன். டியூட்டி முடிஞ்சு வந்து, ஒரு கையில தோசைக் கரண்டி, ஒரு கையில போனு. பரிச்சை எழுதுறப்ப கேமராவுல யாரும் தெரியக்கூடாதுன்னு எங்க உம்மாவ அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டு, கதவுக்கு வெளிய காவல் நின்னவன் நான்.

– நீங்க நின்னீங்க. அதை மறக்கல. ஆனா ராஜா முகமது மச்சான் என்ன சொன்னாரு?

– எங்க அண்ணன் பேச்சை இப்ப எதுக்கு இழுக்குற?

– நோன்புப் பெருநா அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி கேட்டாரு. 'நெட்டுல பாத்து நீச்சல் படிச்சவன் உண்டா? நெட்டுல பாத்து நர்ஸுக்குப் படிக்கிறாளாம்'னு. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. நான் சோத்தைப் பரிமாறிக்கிட்டே சொன்னேன். பாடம் நெட்டுல, வேலை வார்டுல, ரெண்டும் சேந்தாத்தான் டிகிரின்னு. இந்தப் பேப்பரை அனுப்புனா அவரு சொன்னதுதானே நெசம்?

– அவருகிட்ட யாரு போயி சொல்லப் போறா? இரு, சாரே கூப்புடுறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். சொல்லுங்க விக்ரம் சார்.

– என்ன நிஜாம் பாய், அப்லோட் ஆயிருச்சா? சிஸ்டர் பக்கத்துல இருக்காங்களா?

– ஹஃப்சாதான் சார் பேசுறேன். அந்தப் பேப்பரை நான் அனுப்பல.

– சிம்பிள் மேட்டர் சிஸ்டர், எதுக்கு டென்ஷன்? 'நம்ம சிஸ்டர் அயர்லாந்தில்'னு கீரனூர் முக்குல வைக்க ஃப்ளெக்ஸுக்கே சொல்லிட்டேன்.

– ஃப்ளெக்ஸை நிறுத்தச் சொல்லுங்க சார்.

– அப்ப பெரிய சிஸ்டர் போட்டது பொய்க் கையெழுத்துன்னு சொல்றீங்களா?

– அவங்களா போடல. ரிட்டையராகப் போற நேரத்துல நீங்க நீட்டுனீங்க, பயந்துக்கிட்டுப் போட்டாங்க. அவங்க பேரு வெளிய வராது. என் பேருல பொய்யும் போகாது.

– பெருசா பேசுறீங்க. மீதி மணி நேரத்துக்கு நம்ம லேபர் வார்டுப் பக்கம் வர முடியாது. சிம்பிளா சொல்லிட்டேன்.

– நீங்க ஒரு கதவைத்தான் சாத்த முடியும் சார். புதுக்கோட்டையில போயி நிப்பேன், விராலிமலையில போயி நிப்பேன். லீவு நாளுல நின்னாவது முடிப்பேன். எண்பத்தெட்டு மணி நேரமும் கால் கடுக்க நின்னு முடிப்பேன். இந்தாங்க, பேப்பரைக் கிழிக்கிறேன். சத்தம் கேக்குதா?

– நிஜாம் பாய், ஒங்க வீட்டம்மாவுக்குப் புத்தி சொல்லுங்க. நான் வைக்கிறேன்.

– வச்சுட்டாரு. கிழிச்சே போட்டுட்டியே ஹஃப்சா! அந்த மனுசன் ரூம்பு வாசல்ல ரெண்டு மணி நேரம் கையைக் கட்டி நின்னு வாங்கியாந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

– வாங்கப் போறதுக்கு முந்தி நீங்க என்னைக் கேட்டீங்களா?

– ஒனக்காகத்தானே போனேன்!

– தெரியும் மச்சான். அதான் ஒங்ககிட்டக் கோவப்பட முடியல. இங்க பாருங்க. இருநூத்திப் பன்னெண்டு. அனுப்பிட்டேன்.

– போச்சு. எல்லாம் போச்சு. நாட்டுல யாருமே போடாத பொய்க் கையெழுத்தா இது? எண்பத்தெட்டு மணி நேரத்தைக் கூட்டிப் போட்டா யாரு குடி முழுகிப் போகுது?

– அமராவதி குடி முழுகிப் போச்சு.

– எந்த அமராவதி? நார்த்தாமலைப் புள்ளையா? பிரசவமாகி ரத்தம் நிக்காமப் போச்சே, அவளா?

– அவதான். திருச்சியில கர்ப்பப்பைய எடுத்துத்தான் உசுரு தப்புச்சு. அப்ப அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. ஒத்தப் புள்ளையோட நின்னு போச்சு.

– அதுக்கும் இந்தப் பேப்பருக்கும் என்ன?

– புள்ளை பொறந்த பெறகு, கால் மணிக்கு ஒருக்கா தாயோட நாடி, பிரஷர், ரத்தப்போக்கு எல்லாம் பாத்து எழுதணும். அவ சார்ட்டுல நாலு வரி இருந்துச்சு. நாலுலயும் பிரஷர் நூத்திப் பத்துக்கு எழுவது. பாத்தது ஒரு தடவைதான். அடுத்த கட்டிலுலயும் பிரசவம், ஓட முடியல. மீதி மூணும் அப்புறமா ஒக்காந்து எழுதுனது. போர்வைய வெலக்கிப் பாக்குறப்ப மெத்தையெல்லாம் ரத்தம்.

– யா அல்லா. அந்த நர்ஸை வேலைய விட்டுத் தூக்குனாங்களா இல்லையா?

– இல்ல. சார்ட்டு சுத்தமா இருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல.

– நீ சொல்லியிருக்கணும்ல? ஆம்புலன்ஸுல திருச்சி வரைக்கும் அவ வயித்தை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே போனவ நீ. அவ வீட்டுக்காரன் இன்னைக்கும் என் கடைக்கு வந்தா, 'அக்காதாங்க எங்களுக்கு சாமி'ன்னு கையெடுத்துக் கும்புடுறான். காப்பாத்துனவ நீயே வாயை மூடிக்கிட்டு இருந்தா எப்புடி? அந்த நர்ஸு பேரைச் சொல்லு.

– காப்பாத்துனதும் நான்தான் மச்சான். அந்த நாலு வரிய எழுதுனதும் நான்தான்.