மேல் ரேக்கில் கிடந்த ஜாய்ஸ்டிக்

வெள்ளத்துரை: பயப்படாம ஆட்டுங்க அண்ணாச்சி... ஜாய்ஸ்டிக்கு ஒடையாது.

பொன்னுச்சாமி: ஒடைஞ்சா என் தலையில கட்டிருவியேப்பா.

வெள்ளத்துரை: தொண்ணூத்தேழு மாடலு இது. போன வாரந்தான் மெட்ராஸ்ல இருந்து எறக்குனேன். அருப்புக்கோட்டையில வேற எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் கெடையாது.

பொன்னுச்சாமி: அருப்புக்கோட்டையில கம்ப்யூட்டர் கடையே உன்னது ஒண்ணுதானே!

வெள்ளத்துரை: அதைத்தான் சொல்றேன்... பிடிச்சுப் பாருங்க. கை அப்படியே போய் உக்காரும். கட்டை வெரலுக்குப் பள்ளம், உள்ளங்கைக்கு மேடு... அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. பிளேனு ஓட்டுறவுகளுக்குன்னே பண்ணிருக்கான்.

பொன்னுச்சாமி: அட, ஆமா. இரும்புக் கடையில வால்வு திருகித் திருகி மரத்துப்போன கைக்கே சுகமா இருக்கு. ஏ சௌந்தரம், இதை எடுத்துருவமா?

சௌந்தரம்: வேணாங்க.

பொன்னுச்சாமி: ஏன்?

சௌந்தரம்: கலரு நல்லால்ல.

வெள்ளத்துரை: மதினி... இது என்ன சேலையா?

சௌந்தரம்: எனக்கென்ன தம்பி தெரியும்? வண்டி பங்க்சருன்னு சொல்லி வேகாத வெயில்ல நடத்தியே கூட்டிட்டு வந்துட்டாக. மனசுல பட்டதைச் சொன்னேன்.

வெள்ளத்துரை: சரி, இதைப் பாருங்க. இதோட குச்சிய முறுக்குனா பிளேனோட வாலு திரும்பும்.

பொன்னுச்சாமி: முறுக்குனாவா? பலே!

சௌந்தரம்: முறுக்கிக்கிட்டே சுடணுமே... வெரலு பொத்தானுக்கு எட்டுமா?

வெள்ளத்துரை: ...என்ன மதினி?

சௌந்தரம்: இல்ல... இவுக வெரலு குட்டை. அதுக்குச் சொன்னேன்.

பொன்னுச்சாமி: எனக்கா குட்டை?

சௌந்தரம்: சும்மா இருங்க. தம்பி, கைய விட்டா இது நடுவுல வந்து நிக்குமா?

வெள்ளத்துரை: நிக்குமே. ஏன் கேக்குறீக?

சௌந்தரம்: வீட்டுல இருக்குறது நிக்காது. விட்டா ஒரே பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுது. குறி வைக்கவே முடியல... முடியலன்னு இவுகதான் பொலம்புவாக.

பொன்னுச்சாமி: ஆமா ஆமா. நான்தான் பொலம்புவேன்.

வெள்ளத்துரை: அண்ணாச்சி, சாக்கு இப்பவே ரெடி பண்றீகளோ? அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஆட்டம். ஞாபகம் இருக்கட்டும்.

பொன்னுச்சாமி: இருக்குப்பா.

வெள்ளத்துரை: கடைக் கண்ணாடியில எழுதியிருக்கேன், பாத்தீகளா? 'வெள்ளத்துரை. தோல்வி கிடையாது.' போன மாசம் காரியாபட்டியில இருந்து மூணு பயலுக வந்தானுக, மதுரையில போயிக் கத்துக்கிட்டு வந்தோம்னு. ஒவ்வொருத்தனையாச் சுட்டு வீழ்த்தி, சாயங்காலப் பஸ்ஸுல ஏத்தி விட்டேன்.

சௌந்தரம்: தம்பி... மேல ரேக்குல, ஓரமா ஒரு டப்பா கெடக்கே. அது என்ன?

வெள்ளத்துரை: அதுவா? அது ஆருக்கும் ஆகாது மதினி. வெறும் நேர்க்குச்சி. பள்ளமுமில்ல, மேடுமில்ல. எந்தக் கையால வேணாலும் பிடிக்கலாம்னு படம் போட்டிருக்கான். நொட்டாங்கையில எவன் பிளேனு ஓட்டப் போறான்?

சௌந்தரம்: அதை எறக்குங்க.

வெள்ளத்துரை: தூசியா இருக்கு...

சௌந்தரம்: தொடைச்சுக்கிடுறேன். எறக்குங்க.

வெள்ளத்துரை: இந்தாங்க... ஏ மதினி! சோத்துக்கையால வாங்குங்க. சாயங்கால யாவார நேரம்.

சௌந்தரம்: ...மறந்துட்டேன் தம்பி.

பொன்னுச்சாமி: எப்படி இருக்கு?

சௌந்தரம்: ஸ்பிரிங்கு நல்லா விறைப்பா இருக்கு. விட்டா டக்குன்னு நடுவுக்கு வருது. வேகத்துக்கு அடியில தனி வீலு, நட்டநடுவுல வச்சிருக்கான். எந்தப் பக்கம் உக்காந்தாலும் எட்டும். இதை எடுங்க.

வெள்ளத்துரை: வீலு வேகத்துக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

சௌந்தரம்: ...தையல் மிஷினுலயும் வீலு இருக்குல்ல.

பொன்னுச்சாமி: அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். மாட்டுப்பா இதை.

வெள்ளத்துரை: அண்ணாச்சி, நெசமாவா? நல்ல சாமான் ரெண்டை விட்டுட்டு...

பொன்னுச்சாமி: மாட்டு.

வெள்ளத்துரை: உங்க தலையெழுத்து. ரெண்டு கம்ப்யூட்டருக்கும் கேபிள் போட்டாச்சு. மூணு ஆட்டம். மொதல்ல பிளேனு, ரெண்டாவது விண்வெளி. சமமா வந்தா மறுபடியும் பிளேனு. ரெண்டு ஜெயிச்சவரு ஜெயிச்சவரு.

சௌந்தரம்: என்னங்க, வாசல்ல என்ன இம்புட்டுக் கூட்டம்? டீக்கடைக்காரரு, பாத்திரக்கடை ஆளுக... பஜாரே நிக்குது.

பொன்னுச்சாமி: வேடிக்கை பாக்க வந்திருக்காக. நீ என் பக்கத்துல உக்காரு.

வெள்ளத்துரை: ஆரம்பிக்கலாமா? ஒண்ணு... ரெண்டு... மூணு!

பொன்னுச்சாமி: எங்க இருக்கான் இவன்... காணோமே...

சௌந்தரம்: மேல, மேல.

பொன்னுச்சாமி: மேலயா? இந்தா ஏறுறேன்.

சௌந்தரம்: ஏறாதீக! அம்புட்டு செங்குத்தா ஏறுனா வேகம் செத்துரும்... மூக்கை எறக்குங்க... அய்யோ, சூரியனுக்குள்ள இருந்து வாராரு பாருங்க!

பொன்னுச்சாமி: கண்ணு கூசுது...

சௌந்தரம்: பின்னாடி! பின்னாடி வந்துட்டாரு! திருப்புங்க!

பொன்னுச்சாமி: எதைத் திருப்ப?

வெள்ளத்துரை: ஒண்ணையும் திருப்ப வேணாம் அண்ணாச்சி. முடிஞ்சுபோச்சு. பொகையப் பாருங்க, செங்கச் சூளை கணக்கா!

பொன்னுச்சாமி: ச்சே.

வெள்ளத்துரை: பஜாருல கேட்டா, பொன்னுச்சாமி அண்ணாச்சிய வெல்ல ஆளே இல்லன்னு நீங்களே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளாமே. இன்னொரு ஆட்டந்தான்... சாவி எனக்கு.

சௌந்தரம்: எந்தச் சாவி?

பொன்னுச்சாமி: அது ஒண்ணுமில்ல...

வெள்ளத்துரை: மதினிகிட்டச் சொல்லலையா? புல்லட்டு சாவி. அண்ணாச்சி தோத்தா புல்லட்டு எனக்கு. ஜெயிச்சா இந்த ஜாய்ஸ்டிக்கு சும்மா, கண்ணாடியில என் பேரையும் அழிச்சுறணும். காலையிலயே வண்டியக் கொண்டாந்து பின்னாடி நிப்பாட்டிட்டாரு.

சௌந்தரம்: ...பங்க்சருன்னு சொன்னீக.

பொன்னுச்சாமி: சௌந்தரம்...

சௌந்தரம்: புல்லட்டையா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? மூத்தவ பொறக்கப்போற அன்னைக்கு, பஸ்ஸும் இல்லாம காரும் இல்லாம, என்னைப் பின்னாடி உக்கார வச்சு பாலவனத்தம் வழியா விருதுநகருக்கு ஓட்டிக்கிட்டுப் போனீகளே... அந்த வண்டிய இந்த வெளையாட்டுல வச்சீகளா?

பொன்னுச்சாமி: ஜெயிச்சுறலாம்னு நெனைச்சேன்...

சௌந்தரம்: எதை வச்சு? செங்குத்தா ஏறிக்கிட்டா?

வெள்ளத்துரை: மதினி, வருத்தப்படாதீக. நான் பத்திரமா வச்சுக்கிடுவேன்.

பொன்னுச்சாமி: தம்பி, எனக்குக் கை பிடிச்சுக்கிச்சு. வெரலு மடங்கல. ரெண்டாவது ஆட்டத்துக்கு ஆளு மாத்தலாமா?

வெள்ளத்துரை: யாரை வேணா உக்கார வைங்க. மதினியக்கூட உக்கார வைங்க!

பொன்னுச்சாமி: சொன்ன சொல்லு மாற மாட்டியே?

வெள்ளத்துரை: இத்தனை பேரு முன்னாடி சொல்றேன். மாற மாட்டேன்.

பொன்னுச்சாமி: சௌந்தரம்... உக்காரு.

சௌந்தரம்: நானா? எனக்கு... எனக்கு என்ன தெரியும்?

பொன்னுச்சாமி: தெரிஞ்ச வரைக்கும் ஆடு. எப்படியும் போகப்போற வண்டிதானே.

சௌந்தரம்: அப்படிச் சொல்லாதீக. வயிறு எரியுது.

பொன்னுச்சாமி: அப்ப உக்காரு.

சௌந்தரம்: இத்தனை பேரு பாக்குறாகளே... நான் பிடிச்சா எந்தக் கையால பிடிப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா? கல்யாணமாயி வந்த புதுசுல, நம்ம கடையில மொதப் போணிச் சாமான இந்தக் கையால எடுத்துக் குடுத்துட்டேன்னு எல்லாருமா என்னை ஏசி வீட்டுக்கு அனுப்புனாக. அன்னையிலிருந்து கடைப்படி ஏறல நான். நீங்களும் பக்கத்துலதான் நின்னீக. ஒரு வார்த்தை சொல்லல.

பொன்னுச்சாமி: இன்னைக்குச் சொல்றேன். எடது கையாலயே பிடி. எவன் என்ன சொல்றான்னு நான் பாக்குறேன்.

வெள்ளத்துரை: என்ன மதினி, ஆடுறீகளா, சாவிய எடுத்துக்கிடவா?

சௌந்தரம்: சாவியில கைய வச்சீக, பாருங்க! தள்ளுங்க நாற்காலிய. அந்தக் கீபோர்ட வலது பக்கமா நகட்டுங்க.

வெள்ளத்துரை: ஏ அப்பா... நொட்டாங்கையிலயா?

சௌந்தரம்: விண்வெளிதானே இப்ப? போடுங்க.

வெள்ளத்துரை: போட்டாச்சு. மொள்ளவே வாரேன் மதினி, பயப்படாதீக... எங்க போனீக?

சௌந்தரம்: இங்கதான் இருக்கேன்.

வெள்ளத்துரை: என்ன, தலைகீழா வாறீக!

சௌந்தரம்: விண்வெளியில ஏது தம்பி தலைகீழு? மேல கீழன்னு இங்க ஒண்ணுங் கெடையாது.

வெள்ளத்துரை: இருங்க, இருங்க, திருப்பிக்கிடுறேன்... அடடா, சுடுறாக!

பொன்னுச்சாமி: அடி சக்கை!

வெள்ளத்துரை: குறுக்க பேசாதீக அண்ணாச்சி! எந்தப் பக்கம் திரும்புனாலும் வயித்துக்கு அடியில வந்து நிக்கிறாகளே... போச்சு! போச்சு!

பொன்னுச்சாமி: வெடிச்சுருச்சா?

சௌந்தரம்: வெடிச்சுருச்சு. ஆளுக்கு ஒண்ணு. அடுத்ததைப் போடுங்க.

வெள்ளத்துரை: மதினி... நீங்க எங்க படிச்சீக இதை?

சௌந்தரம்: போடுங்க தம்பி. உலை வைக்கணும்.

வெள்ளத்துரை: சரி... இது பிளேனு. இது என் ஆட்டம். விட மாட்டேன்.

பொன்னுச்சாமி: வாசல்ல விசிலு அடிக்கிறானுக சௌந்தரம்!

சௌந்தரம்: அடிக்கட்டும். நீங்க பேசாதீக... ம்... சூரியனுக்குள்ள போயிட்டாரு. அதே வித்தை.

வெள்ளத்துரை: வித்தை பழசுன்னாலும் விழுந்தவுக எத்தனை பேரு... இந்தா பின்னாடி வந்துட்டேன் மதினி. திரும்புங்க பாப்போம்.

சௌந்தரம்: திரும்பல.

வெள்ளத்துரை: ஏறுங்க.

சௌந்தரம்: ஏறல.

பொன்னுச்சாமி: சௌந்தரம், சுடுறான்! றெக்கையில பட்டுருச்சு!

சௌந்தரம்: பட்டா பட்டுட்டுப் போவுது. இன்னும் கிட்டத்துல வரட்டும்... இன்னும்...

வெள்ளத்துரை: முடிஞ்சது கதை... ஏ, என்ன பண்றீக? வேகத்தைக் கொறைச்சுட்டீகளா? விழுந்துருவீக!

சௌந்தரம்: விழ மாட்டேன். நீங்க முன்னாடி போங்க தம்பி.

வெள்ளத்துரை: ஐயய்யோ... தாண்டிட்டேனே! பின்னாடி... பின்னாடி வந்துட்டாகளே!

சௌந்தரம்: இது எங்க புல்லட்டுக்கு!

பொன்னுச்சாமி: எரியுதா? எரியுதுல்ல? பாரு, எப்படி எரியுதுன்னு! ஏய், எல்லாரும் பாத்தீகளா? எம் பொண்டாட்டிய்யா!

சௌந்தரம்: கத்தாதீக... கூச்சமா இருக்கு.

பொன்னுச்சாமி: கத்துவேன். இன்னைக்குக் கத்தாம என்னைக்குக் கத்த?

வெள்ளத்துரை: மதினி... கையக் குடுங்க. இல்ல, அந்தக் கையில்ல. எடது கையக் குடுங்க. கும்பிட்டுக்கிடுறேன். ரெண்டு வருசமா ஒருத்தனும் என்னை இப்படி முன்னாடி போக விட்டு அடிக்கல.

சௌந்தரம்: நீங்களும் நல்லாத்தான் ஆடுனீக தம்பி. சூரியனையே நம்பிக்கிட்டு இருக்காதீக.

வெள்ளத்துரை: இந்தாங்க சாவி. ஜாய்ஸ்டிக்க டப்பாவோட எடுத்துக்கிடுங்க. கண்ணாடியில என் பேரை அழிச்சாச்சு... அண்ணாச்சி பேரை எழுதிரவா?

பொன்னுச்சாமி: நானாப்பா ஜெயிச்சேன்? சௌந்தரம்னு எழுது. பெருசா எழுது. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்.

சௌந்தரம்: அய்ய, வேணாங்க...

பொன்னுச்சாமி: எழுது நீ. அவ அப்படித்தான் சொல்லுவா. வா சௌந்தரம், வண்டி பின்னாடி நிக்குது.

சௌந்தரம்: இருங்க... ஒண்ணு கேக்கணும். நான் எப்படி ஆடக் கத்துக்கிட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே?

பொன்னுச்சாமி: கேக்கணுமா?

சௌந்தரம்: நான் வீட்டுக் கம்ப்யூட்டரத் தொட்டதே உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எந்தத் தைரியத்துல புல்லட்டக் கொண்டாந்து வச்சீக?

பொன்னுச்சாமி: ஏத்தா, நான் ஒரு ஆட்டத்துல ரெண்டு பிளேனு சுட்டாலே பெருசு. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் பேருக்கு நேரா தெனமும் அம்பது, அறுபதுன்னு ஏறிக்கிட்டே போவுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருநாள் முன்னக்கூட்டியே வந்து சன்னல் வழியாப் பாத்தேன்... எடது கையால ஓட்டிக்கிட்டு, தனியாச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. அன்னையிலிருந்து நான் கம்ப்யூட்டர அமத்தாமத்தான் கடைக்குப் போறேன்... நாலு பேரு முன்னாடி வந்து ஆடுன்னு சும்மா கூப்பிட்டா வந்திருப்பியா நீ? அதான் வெள்ளத்துரையைத் தேடிப்போய் வம்புக்கு இழுத்து, புல்லட்ட வச்சேன்.