எல்லோரும் தங்கப்பன்

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் மடியிலும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரின் பை.

“செல்வி, என் ஜாவா புரோகிராம்ல கடைசியா தங்கப்பன்னு ஒரு ஆளை பஸ்ல ஏத்தினேன். ஏத்தினதும் பஸ்ல உள்ள அத்தனை பேரும் தங்கப்பன் ஆயிட்டாங்க.”

காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பயணின்னா என்னென்ன இருக்கணும்னு ஒரு கிளாஸ் எழுதுவோமே, அதுல பேரை எப்படி எழுதின, மேரி?”

“பேருக்கு முன்னால ஸ்டாட்டிக்னு ஒரு வார்த்தை போட்டேன். போடலேன்னா, புரோகிராம் ஓடத் தொடங்குற மெயின்ல எரர் வருதுட்டி.”

“மெயின் சும்மா ‘பேரு என்ன’ன்னு கேட்டா, யாரோட பேருன்னு எப்படித் தெரியும்? ஆளைச் சொல்லிக் கேக்கணும். நீ எரரை அடக்குறதுக்காக எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேரை வச்சிட்ட.”

“பின்னே ஸ்டாட்டிக் எதுக்கு?”

“நம்ம எஸ்டேட் லயத்துல வரிசையா இருக்குற வீடு எல்லாத்துக்கும் பைப்பு ஒண்ணு. குடம் அவங்கவங்க வீட்டுக்கு. பஸ் நம்பர் பைப்பு மாதிரி, அதுக்கு ஸ்டாட்டிக் போடு. பேரு குடம் மாதிரி, அதுக்குப் போடாதே, கேட்டோ.”

ஆபீசில் ஜாவா பயிற்சிக்கு அனுப்பியபோது எனக்கு இப்படிச் சொல்ல ஆளில்லை.

வித்துராவில் பாதிக் கூட்டம் இறங்கியது. மேரி குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு சென்டர்ல புரோகிராமைப் பாத்து நம்மள்ல ஒருத்தியைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. தெரிஞ்சும் ஏன் சொல்லித் தந்த?”

“சொல்லாம இருந்து எனக்குக் கிடைச்சா, பொறவு உன் பக்கத்துல எப்படி உக்காருவேன்? போனக்காட்டுக்கு வேற பஸ்ஸும் இல்ல.”