செல்லாத தீர்ப்பு

— தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தா எழுத்து மாறிடுமா, பிளாஹா அய்யா? விவாகரத்துன்னுதான் போட்டிருக்கு. பில்சன் கோர்ட்டு, தேதி, முத்திரை, எல்லாம் இருக்கு.

— முறைப்படி பாத்தா அது கோர்ட்டே இல்ல, சார்ஜண்ட் கோலார். ஜெர்மன்காரன் நாட்டைப் புடிச்ச பிறகு அங்க எழுதின எந்தத் தீர்ப்பும் நம்ம செக் அரசாங்கத்துக்குச் செல்லாது.

— நம்ம அரசாங்கம். நாட்டைவிட்டு ஓடி வந்து லண்டன்ல ரெண்டு மாடி, ஒழுகுற கூரை, ஒரு டைப் மிஷின். பில்சன்ல நான் பீர் வண்டி ஓட்டினப்போ எங்க குதிரை லாயமே இதைவிடப் பெருசு.

— பெருசுதான். ஒத்துக்கறேன்.

— அப்போ ஒரு சின்னக் காகிதம் குடுங்க. 'கோலாருக்குப் பொண்டாட்டி இல்ல, கட்டிக்கலாம்'னு. அது இல்லாம இங்கிலீஷ்காரன் பதிவு ஆபீசுல கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேங்கிறான். நோராவுக்கு ஏழாம் மாசம். வியாழக்கிழமை எங்க படை பிரான்சுக்குக் கப்பலேறுது. நான் திரும்பலேன்னா அந்தப் புள்ளைக்கு அப்பன் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்.

— புள்ள உங்களுதுன்னு எழுதிக் குடுங்க. சாட்சிக் கையெழுத்து நானே போடறேன். முறைப்படி அது செல்லும். உங்க பேரும் வரும், பென்ஷனும் வரும். கல்யாணம் மட்டும் முடியாது. நம்ம ஏட்டுல உங்க மனைவி லூட்மிலாதான்.

— அந்த லூட்மிலாவேதானே வேண்டாம்னு எழுதிட்டா.

— அவங்களா எழுதினாங்களா?

— இல்ல. நாட்டைவிட்டு ஓடினவன் பொண்டாட்டின்னு முகாமுக்கு இழுத்துட்டுப் போக வந்தாங்களாம். உறவை அறுத்துக்கிட்டா விட்டுடறோம்னாங்களாம். அறுத்துக்கிட்டா. சரிதான் செஞ்சா. செஞ்சிலுவைச் சங்கம் வழியா நாலே வரி வந்துது. 'கோவிச்சுக்காத, நீயும் நல்லா இரு'ன்னு. படிச்சிட்டு அழுதேன் அய்யா.

— மிரட்டி வாங்கின கையெழுத்து. அதைப் போய்த் தீர்ப்புங்கிறீங்க.

— மூணு வருஷம் ஆச்சு அய்யா. அழுது முடிச்சு, இப்போ நோரா வந்திருக்கா. சரி, அந்தத் தாள் வேண்டாம். நீங்களே இங்க வெட்டி விடுங்களேன்.

— விவாகரத்து குடுக்கற கோர்ட்டெல்லாம் நாட்டுல இருக்கு.

— நாடு அவன் கையில. நல்லா இருக்கு உங்க நியாயம்.

— கோலார், நம்ம கையில ஒரு பிடி மண்ணு இல்ல. உங்க துப்பாக்கி இங்கிலீஷ்காரன் குடுத்தது, போட்டிருக்கற சட்டையும் அவனுதுதான். நாம அரசாங்கம்னு சொல்லிக்க மிச்சம் இருக்கறது ஒரே பேச்சு. 'அவன் அங்க எழுதறது எதுவும் செல்லாது.' உங்க விவாகரத்து செல்லும்னா அந்தக் கோர்ட்டும் கோர்ட்டாயிடும். அப்புறம் அவன் நிலத்தைப் புடுங்கினதும் செல்லும், ஆளைத் தூக்குல போட்டதும் செல்லும். 'அங்கேயே எல்லாம் சட்டப்படி நடக்குதே, நீங்க எதுக்கு இங்க'ன்னு இங்கிலீஷ்காரன் கேட்டா என்ன சொல்றது?

— ஒரு பீர் வண்டிக்காரன் கல்யாணத்துக்கே கவுந்துடற அரசாங்கம்னா, கவுந்து போகட்டும்.

— டீ ஆறுது. குடிங்க.

— கோவத்துல வாயை விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.

— வச்சுக்கல. இங்க வர்றவங்க பாதிப்பேரு இதைவிட மோசமாத் திட்டிட்டுத்தான் போறாங்க.

— அய்யா, இந்த ரூம்ல நாம ரெண்டே பேரு. மந்திரி இதையெல்லாம் எங்க படிக்கப் போறாரு? ஒரே ஒரு முத்திரை. உங்களுக்கு இதுல என்ன போகுது, சொல்லுங்க பாப்போம்.

— போன மாசம் சுவிட்சர்லாந்து வழியா எனக்கும் ஒரு தாள் வந்துது. பிராகு கோர்ட்டுலேருந்து.

— உங்க வீட்டம்மாவும் அறுத்துக்கிட்டாங்களா?

— இல்ல. ஹனா யூதப் பொண்ணு. நாப்பத்திரெண்டுல ரயில்ல ஏத்திக் கிழக்கே கொண்டு போனாங்க. அப்புறம் ஒரு சேதியும் இல்ல. இப்போ அவ செத்துட்டதாத் தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்காங்க.

— அய்யா...

— அதுமேல 'செல்லாது'ன்னு என் கையாலதான் எழுதி வச்சேன். உங்க தாள்ல இப்போ 'செல்லும்'னு எழுதினா, ஹனா இன்னைக்குச் செத்துடுவா.