படிக்கு ஒரு குறிப்பு

அன்று மாலை வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் தம்பி. தம்பி மனைவி. அவர்களுடைய ஒரே மகள், வணிகவியல் கடைசி ஆண்டு. அவளோடு படிக்க வந்திருந்த சலவைக்கடைக்காரர் மகள். கடையில் பில் போடுகிறவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவரை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர், காதும் கொஞ்சம் மந்தம்.

நீங்கள் வரவழைத்த தேநீரில் சர்க்கரை அளவாக இருக்கிறது. இந்த வயதில் அளவாகக் கொடுக்கிறவர்கள் குறைவு.

என் தம்பி மகள் எப்படிப் படிப்பாள் என்று கேட்டீர்கள். அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து எல்லாப் பருவத்திலும் அவள்தான் முதல். அவளுக்கு முன் என் தம்பி அதே கல்லூரியில் முதல். நான் கல்லூரித் தேர்வு எழுதியதில்லை. அப்பா திடீரென்று போனதும் கடையில் உட்கார்ந்துவிட்டேன். எழுதாதவனைத் தோற்றவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் குடும்பத்தில் இரண்டாவதாக வந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

கீழே பெயின்ட் கடை. கடைக்குப் பின்னால் சரக்கறை. மேலே வீடு. அதற்கும் மேலே ஒற்றை அறை, அதில்தான் அவள் படிப்பாள். அந்த அறையிலிருந்து சரக்கறைக்கு நேராக இறங்கும் பின்படிக்கட்டு ஒன்று உண்டு. பாதியில் ஒரு திருப்பம். திருப்பம் வரை மரப்படி, அதற்குக் கீழே கருங்கல், கொஞ்சம் செங்குத்து. மரப்படிகளில் கைப்பிடிப் பக்கமாகப் படிக்கு ஒரு டின் வைத்திருப்போம். யாரும் வாங்காத ஒரு நிறம். என் தேர்வுதான் அது. ஒரு காலத்தில் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்து வாங்கிப் போட்டேன்.

அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறவள் இல்லை. படித்ததை யாருக்காவது சொல்லிக்கொடுப்பாள். சன்னல் கண்ணாடியில் மார்க்கரால் எழுதுவாள். கட்டிலில் சலவைக்கடைக்காரர் மகள் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். அந்தப் பெண் இவளை ‘முதலாளி’ என்பாள், இவள் அவளைக் ‘கஸ்டமர்’ என்பாள். நான் அறையை ஒட்டிய மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"முதலாளி, எங்க அப்பா ஒரு சட்டைக்கு வாங்குற காசுல கரண்டுக்கு எவ்வளவு போகுது?"

"நீதான் சொல்லணும் கஸ்டமர். உங்க கடை."

"சட்டையே வரலன்னாலும் வாடகை போகுது. அதை எந்தச் சட்டை தலையில கட்டுறது?"

"அதுதான் நிலையான செலவு. எல்லாச் சட்டைக்கும் பிரிச்சுக் கட்டு."

"அப்ப நிறையச் சட்டை வந்தா ஒவ்வொண்ணுக்கும் பாரம் குறையும். இதைச் சொல்ல புத்தகத்துல இத்தனை பக்கமா? எழுதினவருக்குத் துணியே துவைக்கத் தெரியாது போல."

இருவரும் சிரிப்பார்கள். படிக்கிற இடத்தில் என்ன சிரிப்பு என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

ஒருமுறை இருப்புக் கணக்கெடுப்புப் பாடம் வந்தபோது அந்தப் படிக்கட்டு டின்களுக்கெல்லாம் சாக்பீஸால் எண் போட்டார்கள். அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "எத்தனை வருஷம் விக்காம இருந்தா அது சரக்கு இல்ல, வெறும் சாமான்னு ஆகும்?" என் தம்பி மகள் வாயைப் பொத்திக்கொண்டு, "மெதுவா பேசுடி, பெரியப்பா இருக்கார்," என்றாள். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

சொல்லிக்கொடுத்து முடிந்ததும் பரீட்சை. அதுதான் படிக்கட்டு. அந்தப் பெண் வீட்டுக்குப் போகும்போது பின்படி வழியாக இறங்கிச் சரக்கறைக் கதவால் சந்துக்குப் போவாள். இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, படிக்கு ஒரு குறிப்பாக ஒப்பிப்பாள். என் தம்பி மகள் மேலே நின்று புத்தகத்தைப் பார்த்துச் சரி சொல்லுவாள். விட்டுப்போனால் திரும்ப மேலே ஏறி முதலிலிருந்து. முடிக்காமல் அவள் போனதே இல்லை. கண்ணை மூடினால்தான் தேர்வறையில் பக்கம் தெரியும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

போன பருவத்தில் அடக்கவிலைக் கணக்கில் அந்தப் பெண் முதல். மொத்தத்தில் நூலிழையில் இரண்டாவது. என் தம்பி மகள் அதை இனிப்பு வாங்கி வந்து சொன்னாள்.

"அவ என்னைவிட நல்லா எழுதிட்டா பெரியப்பா."

"நீ சொல்லிக்கொடுத்ததுதானே?"

"நான் சொன்னேன். அவ கேட்ட கேள்வியிலதான் எனக்கே புரிஞ்சுது."

"இனிமேல் தனியாப் படி."

"அவ இல்லாம எனக்குப் படிக்க வராது பெரியப்பா. கண்ணாடி முன்னாடி நின்னு யார்கிட்ட பேசுறது?"

நன்றாக வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் தங்களைத் தாழ்த்திப் பேசும். என் தம்பியிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, சின்னப் பிள்ளைங்க," என்றான். என் தம்பி நல்லவன். ஆனால் கடைப் பலகையில் இருப்பது எங்கள் அப்பா பெயர். கல்லூரிச் சுவரில் தம்பி படம் இருக்கிறது. அதே சுவரில், அதே இடத்தில், எங்கள் வீட்டு மின்விளக்கில், எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போன படிப்பை வைத்து இன்னொருத்தி படம் ஏறுவதை அவன் பொறுத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவராவது முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும்.

இறுதித் தேர்வின் முதல் தாளுக்கு முந்தைய நாள் அது. தொழிலுக்குக் கடன் கொடுக்கும் முன் வங்கி எதையெல்லாம் பார்க்கும் என்ற பாடம். அந்த வாரம் முழுக்க அதையேதான் ஒப்பித்தாள். ‘பிணை’ என்ற குறிப்பு எந்தப் படியில் வரும் என்று எனக்கு மனப்பாடம். திருப்பத்துக்கு முந்தைய படி.

அவர்கள் தேநீர் குடிக்க நடு மாடிக்குப் போனபோது நான் படிக்கட்டுக்குப் போனேன். மேல்படி ஒன்றிலிருந்து அதன் டின்னை எடுத்தேன். அந்தப் படியில் சுவர்ப் பக்கமாக வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். எங்கள் வீட்டில், எங்கள் டின்னை, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்த்தினேன். கை முறியும் என்று எதிர்பார்த்தேன். வலது கை போதும் என்று நினைத்திருந்தேன்.

சரக்கறையில் விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். மேலே கதவு திறந்தது.

"நாணயம்," என்றாள். ஒரு படி. "வாங்கினவன் திருப்பிக் கொடுக்கிற ஆளா, அது."

"சரி," என்றாள் என் தம்பி மகள்.

"திறன். மாசா மாசம் கட்ட வருமானம் இருக்கா."

"சரி. வேகமா போகாத கஸ்டமர்."

"சொந்த முதல். அவன் கைக்காசு எவ்வளவு போட்டான்."

சுவரில் அவள் கை உரசும் சத்தம் கேட்டது. தொழில் அனுபவம் என்றாள், சந்தை நிலவரம் என்றாள். என் தம்பி மகளுக்கு உள்ளே போன் அடித்தது. "ஒரு நிமிஷம்டி, நீ சொல்லிட்டே போ," என்று அவள் நகர்ந்தாள். அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் நன்றாக, தெளிவாக இருந்தது. அதையும் நான் மறுக்கவில்லை.

பிறகு விழுந்தாள்.

நடு மாடியிலிருந்து தம்பி, "என்னண்ணே சத்தம்?" என்று கேட்டான். "டின் விழுந்துடுச்சு," என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. டின்னும் விழுந்திருந்தது, அந்தப் படியில் ஏற்கெனவே இருந்த டின்னும் கூடவே. இரண்டையும் எடுத்துப் போய், இடம் காலியாக இருந்த இரண்டு படிகளிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். அப்போது என் தம்பி மகள் மேலே வந்து நின்றாள்.

"பெரியப்பா, அவ எங்க?"

"கீழே போயிட்டா."

"முடிக்காமலா?"

"நாளைக்குத் தேர்வு. நீ போய்ப் படி."

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு உள்ளே போனாள். எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் இரண்டாவது முறை கேட்கும் பழக்கம் இல்லை. அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

சரக்கறையில் அவள் கண்ணைத் திறந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது. அடுத்த குறிப்பைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தரை குளிர்ச்சி, அதனால் பெயின்ட் அடிக்கும்போது விரிக்கிற துணியைக் கழுத்து வரை போர்த்திவிட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கலாமே என்று காலையில் உங்கள் சார்பு ஆய்வாளர் கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி வரும், தெரு கூடும், நீங்கள் வருவீர்கள். மறுநாள் முதல் தாள் வைத்திருக்கிற பிள்ளை எப்படிப் படிக்கும்? அவள் படித்து முடித்து விளக்கை அணைத்ததும் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அந்தப் பெண் பொறுமைசாலி. காத்திருப்பாள் என்று நினைத்தேன்.

சரக்கறைக் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். சலவைக்கடைக்காரர் வந்தார். கையில் எங்கள் வீட்டுச் சட்டைகள், மடித்தபடி.

"ஐயா, பொண்ணு இன்னும் வரலையே. இன்னும் படிப்பு ஓடுதா?"

"எப்பவோ கீழே இறங்கிட்டாளே."

"அப்படியா? ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பா. நாளைக்குப் பரீட்சைன்னா அவளுக்குக் கால் தரையில நிக்காது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. அவர் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தகரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. நின்று நின்று வந்தது.

"என்னங்கய்யா அது?"

"டின்தான்."

"உங்க கடையில டின்கூட சும்மா இருக்காது போல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எழுந்து போகும் முன்னரே அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

என் தம்பி மகளுக்குப் படிப்பு ஓடவில்லை. மார்க்கரைத் திறந்து பிடித்தபடி கண்ணாடி முன் நின்றிருக்கிறாள். ஒரு வரி எழுதவில்லை. கேட்க ஆள் இல்லை. கடைசியில் படிக்கட்டுக்கு வந்து, அந்தப் பெண் எதுவரை சொன்னாள் என்று அவளைப் போலவே கண்ணை மூடி ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறாள். ‘பிணை’யை அவள் சொல்லவே இல்லை என்று அங்கே தெரிந்திருக்கிறது. கண்ணைத் திறந்து டின்களைப் பார்த்திருக்கிறாள். எண்கள் வரிசையாக இல்லை. சாக்பீஸ் எண்ணை நான் கவனிக்கவில்லை. நசுங்கிய பக்கங்களைக் கைப்பிடிப் பக்கம் திருப்பி வைத்ததோடு சரி.

அவள் சரக்கறைக்குள் போனாள். போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். கத்தவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கத்த மாட்டார்கள்.

நீங்கள் வந்தபோது அவள் உங்களை மேலே கூட்டிப்போய், அந்தக் கண்ணாடியில் படிக்கட்டை வரைந்து, யார் எங்கே நின்றது, எந்தக் குறிப்பில் எந்தப் படி, எந்த டின் எங்கிருந்து எங்கே வந்தது என்று விளக்கினாள். நான் பக்கத்து மொட்டைமாடியில், வழக்கமான நாற்காலியில் இருந்தேன். ஒரு படியைக்கூட அவள் விடவில்லை. அவ்வளவு தெளிவாக அவள் எதையும் விளக்கி நான் கேட்டதில்லை. நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அவள் பதில் சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டின்னை வைத்தவன் நான். கதவைச் சாத்தியவன் நான். தட்டியது கேட்டது. அது என்னவென்று தெரிந்தும் அவளுடைய அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். இதில் என் தம்பிக்கோ அவன் மனைவிக்கோ பங்கில்லை. நான் அவளைத் தள்ளிவிட்டேன் என்று தெருவில் சொல்கிறார்களாம். சொல்லட்டும், அது என்னோடு போகும்.

இன்னொன்றும் பேசுகிறார்களாம். அதை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும். பெயின்ட் கடைக் குடும்பத்துப் பெண் இந்த முறை தோற்றுவிட்டாள் என்கிறார்களாம். அது பொய். அவள் தேர்வு எழுதவில்லை.