கருகிய துளைகள்

பியானோவுக்கு மழை ஆகாது, ஐயா. தெரணியகலைப் பக்கம் பெய்கிற மழையில் உள்ளே இருக்கும் பலகை ஊறும், காயும், மறுபடி ஊறும். கடைசியில் கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற முறுக்காணிகள் ஆட்டங்கண்டுவிடும். அப்புறம் என்ன முறுக்கினாலும் சுருதி நிற்காது. எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாப் பியானோவும் அப்படித்தான் கெட்டது. புதுப் பலகை போட்டு, ஆணிகளுக்குப் புதிதாகத் துளையிடச் சொன்னார் துரை. தோட்டத்துத் தச்சர்கள் நானும் என் மனைவி தெரேசம்மாவின் அண்ணன் செல்லையாவும்தான். மச்சான் கொழும்பில் பியானோக் கடையில் வேலை பழகியவர். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அன்று பொலிஸ் விசாரணைக்கு நீங்கள் வந்தபோது எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. இன்று நிதானமாகச் சொல்கிறேன்.

துளை ஆணியைவிட மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும். கம்பி இழுக்கிற பக்கத்துக்கு எதிராகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அவசரம் கூடாது. துளைபோடும் துறப்பணத்தை அடிக்கடி வெளியே எடுத்து, தூளைத் தட்டி, அலகை ஆறவிட வேண்டும். சூடேறினால் துளையின் உள்பக்கம் கருகி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அதில் ஆணி பிடிக்காது.

பியானோவை ரப்பர் ஸ்டோரில் வைத்துத் துளையிட்ட அன்று மச்சான் சாமான் வாங்க வரக்காப்பொல போயிருந்தார். துரை வந்து என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரிடம் சாதாரணப் பயம் இல்லை. ஒரு விளக்கை உடைத்ததற்காக, பங்களாச் சமையல்காரனின் சட்டிபானைகளை மழையில் ரோட்டில் வீசச் செய்தவர் அவர். தெரேசம்மாவோ நிறைமாதம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அந்த ஓர் அறையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. துரை ஒவ்வொரு முறை இருமும்போதும் என் கை வேகமெடுத்தது. துறப்பணத்தை வெளியே எடுக்கவே இல்லை. பலகையிலிருந்து புகை வந்தது. துரை அதை வேலை மும்முரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மச்சான் வந்தார். ஓர் ஆணியை அடித்து, சுருதிச் சாவியால் முறுக்கிப் பார்த்தார். அது சும்மா சுற்றியது.

"கருகிப் போச்சு மாப்ள. காலையில தொரைகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம் மச்சான். வெரட்டிடுவாரு."

"மறைச்சா கம்பி மாட்டுறப்ப தெரியத்தானே போவுது? நான் பாத்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

நான் சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் காலையில் மச்சான் பங்களாப் பக்கமிருந்து வந்தார். முகத்தில் சிரிப்பு.

"என்ன சொன்னீங்க மச்சான்?"

"அப்புறம் சொல்றேன். மொதல்ல சட்டத்தத் தூக்குங்க, பலகையப் பாப்போம்."

பியானோவின் கம்பிகளைத் தாங்கும் கனத்த இரும்புச் சட்டம் பலகையின் மேல் கிடந்தது. ரப்பர் ஸ்டோரில் உத்தரத்துக் கப்பியில் கயிறு போட்டுத்தான் அதைத் தூக்குவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைத் தூணில் கட்டியவன் தன் வாயால் "கட்டியாச்சு" என்று சொல்லாமல் மற்றவன் சட்டத்துக்குக் கீழே தலையை விடமாட்டான். அந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டுக்கும் சொன்னதில்லை.

சட்டத்தைத் தூக்கிக் கயிற்றைத் தூணில் கட்டினேன். "கட்டியாச்சா?" என்று மச்சான் கேட்டார்.

"கட்டியாச்சு" என்றேன்.

குனிந்து தலையை உள்ளே விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை; துரையிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாரோ? எங்கள் சட்டிபானைகள் ரோட்டில் கிடப்பது கண்ணில் தெரிந்தது. சட்டம் அவர் தலைமேல் இறங்கிவிட்டது.

ஈரக் கயிறு, முடிச்சு நழுவிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் கயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினீர்கள்.

அன்று மத்தியானம்தான் துரை என்னிடம் சொன்னார். தான் மழுங்கிய அலகைக் கொடுத்துவிட்டுப் போனதால்தான் துளைகள் கருகின, தப்பு தன்னுடையது என்று மச்சான் காலையில் போய்ச் சொல்லியிருக்கிறார். துரை நன்றாகத் திட்டிவிட்டு, வேறு பலகை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அதை வந்தவுடனே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சான் இன்று உயிரோடு இருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு இரும்பைக் கழுவித் துடைத்து, புதுப் பலகையில் நானே துளையிட்டேன். ஒவ்வொரு தடவையும் துறப்பணத்தை வெளியே எடுத்து ஆறவிட்டேன். ஒன்றுகூடக் கருகவில்லை. பங்களாவுக்குப் போனால் வாசித்துப் பாருங்கள், சுருதி அசையாது.

ஆண் குழந்தை பிறந்தது. தெரேசம்மா அண்ணன் பெயரையே வைத்தாள். முந்தாநாள் ஏணை கட்ட விட்டத்தில் கயிற்றைப் போட்டேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"கட்டியாச்சாங்க?"

இறுக்கமாகத்தான் கட்டியிருந்தேன். "கட்டியாச்சு" என்றேன். அவள் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். என் கை முடிச்சின் மேலேயே இருந்தது. அந்தக் கையைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, ஐயா. அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பயந்தவன் என்று எழுதுங்கள், அது உண்மை. பொய்யன் என்று மட்டும் எழுதாதீர்கள். மச்சானிடம் அந்தச் சொல்லை நான் பொய்யாகச் சொல்லவில்லை. சொன்னபோது கயிறு கட்டித்தான் இருந்தது. அவர் தலையை உள்ளே விட்ட பிறகுதான் அவிழ்த்தேன்.