இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பீரோ

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! பொருளாளர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த செயலாளர் ஐயாவின் துணைவியாரே! ஐயாவோடு தீயணைப்பு வண்டியில் ஏறிப் பழகிய தோழர்களே! ஐந்து மாடிகளிலிருந்தும் படியிறங்கி வந்திருக்கும் குடும்பத்தாரே! ஆம், படியிறங்கித்தான் வந்திருக்கிறீர்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

நான் மூன்றாம் மாடி டீச்சர். வகுப்பறையில் கத்திக் கத்தித் தொண்டை போனவள். இன்று மெதுவாகத்தான் பேச வரும். பின்வரிசையில் இருப்பவர்கள் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

யார் நம் செயலாளர் ஐயா? பணிக்காலம் முழுவதும் அடுத்தவர் வீட்டு நெருப்புக்குள் ஓடியவர்! ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர்! நம் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் "ஸ்ட்ரெச்சர் தாத்தா". பெரியவர்களான நாம் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்களை இங்கே சொல்ல வேண்டாம். அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நமக்கெல்லாம் தூக்கம். அவருக்கோ ஊர்வலம். ஒரு காலி ஸ்ட்ரெச்சர். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். ஐந்தாம் மாடியிலிருந்து வாசல் வரை படிவழியாக இறக்குவோம். ஸ்ட்ரெச்சர் எதில் இடிக்கிறதோ அந்தப் பொருளுக்குரிய வீட்டுக் கதவைத் தட்டுவார். செருப்பு ஸ்டாண்டு, ஓட்டாத சைக்கிள், உயிர் போன வாஷிங் மெஷின், அதற்கு மேல் ஒரு பூந்தொட்டி! நம் வீட்டுக்குள் வேண்டாத எல்லாவற்றுக்கும் படிக்கட்டுதானே புகலிடம்?

"விடிஞ்சதும் விடியாததுமா பாடையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று முதல் மாடி அம்மா ஒருநாள் சீறினார்.

ஐயா சிரித்தார். "இன்னைக்குக் காலி வண்டிதாம்மா. ஆள் ஏறினா சொல்றேன். அந்தத் தொட்டியைக் கொஞ்சம் உள்ளே எடுத்துக்கங்க."

ஏன் இந்த வேலை என்று நான் கேட்டேன். பணியில் இருந்தபோது பார்த்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொன்னார். சமையலறையில் பிடித்த தீயைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். பிறகு படிக்கட்டில் போய்ப் பார்த்தால், புகையில் மூச்சுத் திணறி இறந்து கிடந்தது ஒரு குடும்பம். குறுக்கே யாரோ சாத்தி வைத்திருந்த பழைய கட்டில். "தீ அவங்களைத் தொடவே இல்ல டீச்சர். கட்டில்தான் மறிச்சுது" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம்? அவர் ஒருமுறை ஒரு சைக்கிளைத் தூக்கி உரியவர் வாசலில் வைத்தார். மறுவாரம் அந்த சைக்கிள் பழைய இடத்தில், சங்கிலியால் கைப்பிடிக் கம்பியோடு பூட்டப்பட்டிருந்தது! அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பூட்டினார். அவரைப் பார்த்து மாடி வீட்டார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பூட்டுப் போட்ட மகாஜனங்கள் உலகத்தில் வேறெங்காவது உண்டா? திருடனுக்குப் பயந்தா பூட்டினோம்? நம் நல்லதுக்குச் சொன்ன ஒரு மனிதருக்குப் பயந்து பூட்டினோம்!

கேட்டால் என்ன சொல்வோம்? "எல்லாரும்தான் வெச்சிருக்காங்க. நான் வெச்சா மட்டும் கண்ணை உறுத்துதா?" இல்லாவிட்டால், "ரெண்டே நாள் சார், எடுத்துடறேன்." இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஓர் இரும்பு பீரோ அப்படி ரெண்டே நாளுக்கு வந்ததுதான். அது வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஞாயிறுதோறும் ஸ்ட்ரெச்சர் அந்த பீரோவின் மூலையில் இடிக்கும். காலி ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிமிர்த்தி எப்படியோ தாண்டிவிடுவோம். "ஆள் படுத்திருந்தா நிமிர்த்த முடியுமா டீச்சர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பதில் அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்தது.

நான்காம் மாடி வீட்டில் அவருக்கு நெஞ்சுவலி. லிஃப்ட் இல்லை. ஏன் இல்லை? முந்தின நாள் அதில் சோபா ஏற்றினார்கள். இவ்வளவு எடைதான் என்று உள்ளே எழுதியிருக்கிறதே என்று காவலாளி கேட்டதற்கு, "அப்படித்தான் எழுதுவாங்க, நீ பட்டனை அழுத்து" என்று பதில் வந்தது. சோபா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைப் படிவழியாக இறக்கினார்கள். அன்று ஸ்ட்ரெச்சர் காலியாக இல்லை. நான் பக்கத்தில் ஓடினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், பீரோவைத் தள்ளிப் பார்த்தார்கள். கைப்பிடிக் கம்பியோடு அதைப் பிணைத்திருந்த சங்கிலி விடவில்லை. பூட்டுக்குரியவர் வெளியூரில். போனில் பதறிப்போய்ச் சொன்னார்: "சாவி என் சட்டைப் பையிலதான் பத்திரமா இருக்கு!"

ஐயா கண்ணைத் திறந்து பார்த்தார். "டீச்சர், அதே மூலை" என்றார். அவர் பேசிக் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். படுக்க வைத்தே கொண்டுபோக வேண்டியவரை உட்கார வைத்துத் தூக்கினார்கள். வாசலை எட்டும்போது தலை சாய்ந்துவிட்டது. உடனே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அந்த ஒரு வாய்ப்பைக்கூட அவருக்கு நாம் விட்டுவைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

நாம் கொலைகாரர்களா? இல்லை. பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாக ஓடி வருபவர்கள். அதுதான் கொடுமை! அன்று முழுவதும் நாற்காலி போட்டதும், தண்ணீர் கொடுத்ததும், உறவினருக்குச் சொல்லி அனுப்பியதும் நாம்தான். ஆனால் நம்மில் ஒருவராவது தம் வாசலில் இருந்த சங்கிலியைக் கழற்றினாரா?

இன்று இறங்கி வரும்போது பார்த்தேன். பீரோ அங்கேயே நிற்கிறது. இந்த இரங்கல் கூட்டத்தின் அறிவிப்பை, ஐயாவின் புகைப்படத்தோடு, அதன் கதவில்தான் ஒட்டியிருக்கிறார்கள். எல்லார் கண்ணிலும் படுகிற இடமாம்!

அதன் முன்னால் ஐயாவின் துணைவியார் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. "டீச்சர், நானும் அதே நாலாம் மாடியிலதான் இருக்கேன். எனக்கும் பிரஷர் இருக்கு. நாளைக்கு என்னையும் இந்த வழியாத்தானே இறக்கணும்?" என்று கேட்டார். உங்களில் யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?

வரும் ஞாயிறு காலை ஸ்ட்ரெச்சர் இறங்கும். ஒரு முனை என் கையில். மறுமுனையை அந்த அம்மாவே பிடிப்பதாகச் சொல்லிவிட்டார். நாம் அவரைப் பிடிக்க விடப்போகிறோமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

தலைவர் அவர்களே! சற்று முன் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று கண்கலங்கினீர்கள். அது நடிப்பல்ல, எனக்குத் தெரியும். அடுத்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவிக்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த பீரோ உங்களுடையது. சாவி இப்போதும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கும். அதை எடுத்து இந்த மேசையில், ஐயாவின் படத்துக்கு முன்னால் வையுங்கள்.

வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி அமர்வது மேடை வழக்கம். சாவி மேசைக்கு வரட்டும். அதுவரை நான் உட்காரப் போவதில்லை.